பழத்தோடு பன்றி டெண்டர்லாயின்: எது பிசகினால் எதைப் பார்ப்பது

பாளையங்கோட்டை, நாசரேத், சாயர்புரம் பக்கம் வெண்பன்றிக் கறி சமைக்கத் தெரிந்த வீடுகளுக்குக் குறைவில்லை. தோலும் கொழுப்புமாக வாங்கி, குக்கரில் விசில் விட்டு, மிளகும் தேங்காய்ச்சில்லும் போட்டுச் சுருள வதக்கி இறக்கும் கைப்பக்குவம் பலரிடம் உண்டு. அதே பக்குவத்தை டெண்டர்லாயின் என்ற கொழுப்புக் குறைந்த முதுகுச் சதையிடம் காட்டும்போதுதான் கறி கெடுகிறது. கூடவே பழமும் சேர்ந்துவிட்டால் எது எதனால் கெட்டது என்றே பிடிபடாது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஆட்கள் வந்து உட்கார்ந்த பிறகு அடுப்படியில் நின்று திணற வேண்டாம் என்றுதான் அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் சட்டியில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போய்விடலாம்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கீழே வரும் பாதிக் கோளாறுக்கு அதுதான் மருந்து. கறி தனியாக வேக வேண்டும், பழம் தனியாக வேக வேண்டும். இரண்டும் தட்டுக்குப் போகும் முன் இரண்டு நிமிடம் சேர்ந்திருந்தால் போதும்.

எந்தக் கறி, எப்படிக் கேட்பது

முதுகெலும்புக்கு உள்பக்கம், இடுப்பை ஒட்டி, இரு பக்கமும் ஓடும் நீளச் சதைதான் டெண்டர்லாயின். ஒரு பன்றிக்கு இரண்டே துண்டு. நன்கு வளர்ந்த வெண்பன்றியில் ஒரு துண்டு அரைக்கிலோவுக்கு முன்பின் இருக்கும். அதிகம் உழைக்காத சதை என்பதால் நாரும் குறைவு, கொழுப்பும் குறைவு. நம்மூர்க் கடையில் இதைத் தனியாக எடுத்து வைப்பது அபூர்வம், எலும்போடு சேர்த்துக் கொத்திவிடுவார்கள். முந்தின நாளே சொல்லிவைக்க வேண்டும்.

"அண்ணாச்சி, முதுகெலும்புக்கு உள்பக்கம் ஒட்டி ஓடுற நீளக் கறி இருக்குல்லா, அதை முழுசா உருவித் தாங்க. துண்டு போட்டுராதீங்க."

"அது எலும்பில்லாத கறில்லா, தனி வெலை ஆகுமே."

"பரவால்ல அண்ணாச்சி, கொழுப்பு வேண்டாம், அது மட்டும் போதும்."

இவ்வளவுதான் பேச்சு. கையில் வாங்கும்போது பாருங்கள்: ஒரு முனை தடித்து, மறுமுனை கூம்பி, முழங்கை நீளத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும். மேலே கனமான கொழுப்புப் படலம் இருந்தால் அது முதுகின் வெளிப்பக்கக் கறி. நல்ல கறிதான், ஆனால் இங்கே சொல்லும் நேரக்கணக்கு அதற்குப் பொருந்தாது.

சரியாகச் செய்தால் எப்படி இருக்கும்

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவு வேண்டுமல்லவா. அரைக்கிலோ துண்டு மூன்று நான்கு பேருக்குக் காணும். மேலே மினுமினுக்கும் வெள்ளைச் சவ்வைக் கத்தி முனையால் கிளப்பி உரித்துவிட வேண்டும். 6 அல்லது 7 கிராம் உப்பு, அதாவது தூளுப்பில் தலைதட்டி ஒரு தேக்கரண்டி, எல்லாப் பக்கமும் தடவி பிரிட்ஜில் மூடாமல் வைக்க வேண்டும். முந்தின ராத்திரியே தடவினால் நல்லது, முடியாவிட்டால் ஒரு மணி நேரமாவது. கல்லுப்பு என்றால் பொடித்து நிறுத்துக்கொள்ளுங்கள், கரண்டிக் கணக்கு அதற்கு ஒத்துவராது.

சமைக்கும்போது துணியால் ஈரம் ஒற்றி, கனமான இரும்புச் சட்டியில் கொஞ்சம் எண்ணெய் காயவைத்து, புரட்டிப் புரட்டி எல்லாப் பக்கமும் சிவக்க விடுங்கள். 6 முதல் 8 நிமிடம் ஆகும். பிறகு தீயைக் குறைத்து மூடி போட்டு, இடையிடையே திருப்பி, இன்னும் 8 முதல் 12 நிமிடம். ஓவன் இருந்தால் 200 டிகிரியில் வைக்கலாம். தடித்த இடத்தின் நடுவில் 66, 67 டிகிரி செல்சியஸ் காட்டியதும் எடுத்து, தட்டில் வைத்து லேசாக மூடி 10 நிமிடம் ஆறவிடுங்கள். உள்ளிருக்கும் சூடு அதைத் தானே 70 பக்கம் கொண்டுபோய் விடும். அந்த 10 நிமிடத்தில், பழத்தை வேகவைத்துக் கறிமேல் ஊற்றச் செய்யும் பழச்சாறு தயாராகும்.

சமையல் தெர்மாமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. இந்தக் கறியை வருஷத்துக்கு இரண்டு தடவை சமைப்பவர்கூட அதை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் என் கருத்து. விரலால் அமுக்கிப் பார்ப்பதும் சாற்றின் நிறம் பார்ப்பதும் அனுபவசாலியையே ஏமாற்றும்.

கறி வறண்டு சக்கையாக இருக்கிறது

அதிகமாக வரும் புகார் இதுதான். காரணமும் ஏறக்குறைய எப்போதும் ஒன்றே: கூடுதலாக வெந்துவிட்டது.

தொடை, கைச்சப்பை போன்ற உழைக்கும் சதையில் இணைப்பு நார் நிறைய உண்டு. நேரம் கொடுத்து வேகவைத்தால் அது பசையாக உருகிக் கறியை வழவழப்பாக்கும். சதைநார் நீரை இழந்தாலும் அந்தப் பசையும் கொழுப்பும் ஈடுகட்டும். டெண்டர்லாயினில் ஈடுகட்ட எதுவும் கிடையாது. 60 டிகிரியைத் தாண்டியதும் சதைநார் சுருங்கித் தன்னுள் இருக்கும் நீரைப் பிழிந்து தள்ளத் தொடங்கும். 75-ஐத் தாண்டினால் அதில் நிறையவே சட்டிக்கு வந்துவிடும். குக்கருக்குள் 120 டிகிரியை ஒட்டிய சூடு. "பன்றிக்கறியாச்சே, அஞ்சு விசிலாவது விடணும்" என்று விட்டால் மரத்தூள்தான் கிடைக்கும். இந்தக் கறிக்குக் குக்கரே வேண்டாம்.

அடுத்துப் பார்க்க வேண்டியது வால்முனை. ஒரு பக்கம் கூம்பியிருப்பதால், தடித்த பக்கம் வேகும் முன் மெல்லிய பக்கம் காய்ந்துவிடும். கடைசி நாலு விரல்கடையை உள்ளே மடித்து வெள்ளைப் பருத்தி நூலால் கட்டிவிட்டால் துண்டு முழுக்க ஒரே கனம் வந்துவிடும். பூக்கட்டும் வாழைநாரை நன்றாக ஊறவைத்தும் கட்டலாம். நைலான் நூல் உருகும், அது ஆகாது.

மூன்றாவது, ஆறவிடாமல் வெட்டுவது. அடுப்பிலிருந்து எடுத்ததும் கத்தி வைத்தால் பலகை முழுக்கச் சாறு ஓடும். ஓடியது திரும்ப வராது.

ஏற்கெனவே வறண்டு போயிருந்தால் முழுத் துண்டாகப் பரிமாற வேண்டாம். முடிந்த அளவு மெல்லிசாக, நாருக்குக் குறுக்கே வெட்டி, பழச்சாற்றைச் சூடாக்கி, அடுப்பை அணைத்த பிறகு கறியைப் போட்டுப் புரட்டி, ஒரு கரண்டி வெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ விடுங்கள். அதுவும் எடுபடாத அளவுக்குக் காய்ந்திருந்தால் பிய்த்துப் போட்டு, சின்ன வெங்காயம், மிளகு, தேங்காய்ச்சில்லோடு வதக்கிவிடுங்கள். வேறு கறியாகிவிடும், ஆனால் ஆப்பத்துக்கு நன்றாகவே இருக்கும்.

வறளவில்லை, ஆனால் மெல்ல முடியாமல் இழுக்கிறது

இதைக் கூடுதலாக வெந்ததோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. நம்மூரில் இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அடித்த பன்றியை எட்டு மணிக்கு வாங்கி, மத்தியானமே சட்டியில் போடுகிறோம். அடித்த சில மணி நேரத்துக்குள் தசை விறைத்துக்கொள்ளும். அது தளர ஏறக்குறைய ஒரு நாள் குளிரில் கிடக்க வேண்டும். குழம்புக்கு நெடுநேரம் வேகவைக்கிறவர்களுக்கு இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. 20 நிமிடத்தில் முடியும் டெண்டர்லாயினில் பளிச்சென்று தெரியும். ஞாயிறு ராத்திரி விருந்து என்றால் சனிக்கிழமை காலையிலேயே வாங்கி, உப்புத் தடவி பிரிட்ஜில் வைத்துவிடுங்கள். "அன்னைக்கு அடிச்ச கறிதான் ருசி" என்பது குழம்புக்கான நியாயம், இதற்கானதல்ல.

சவ்வை எடுக்காமல் விட்டாலும் இழுக்கும். வெந்ததும் அது சுருங்கி, துண்டையே வில்லாக வளைத்துவிடும். வளைந்திருந்தால் அதுதான் காரணம் என்று எடுத்துக்கொள்ளலாம். நாரின் போக்கிலேயே வெட்டினாலும் அப்படித்தான், பல்லில் நூல் நூலாக வரும். நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துக் குறுக்கே வெட்டுங்கள்.

நடுவில் இளஞ்சிவப்பாக இருக்கிறது, வெந்ததா இல்லையா?

நிறத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. முழுக்க வெந்த கறியிலும் இளஞ்சிவப்பு தங்கும். எலுமிச்சையோ அன்னாசியோ பட்ட கறி வேகும் முன்பே வெளுத்து ஏமாற்றும். சூட்டு அளவு மட்டுமே சாட்சி. தெர்மாமீட்டரின் முனையைப் பக்கவாட்டிலிருந்து, தடித்த இடத்தின் நட்டநடுவுக்குச் செலுத்திப் பாருங்கள்.

எத்தனை டிகிரி? அமெரிக்க வேளாண் துறை 2011-ல் முழுத்துண்டுப் பன்றிக்கறிக்கான அளவை 71-லிருந்து 63 டிகிரியாகக் குறைத்தது, எடுத்த பிறகு 3 நிமிடம் ஆறவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. அது அங்கே கட்டுப்பாட்டோடு பண்ணையில் வளரும் பன்றிகளை மனதில் வைத்துச் சொன்னது. உலக சுகாதார நிறுவனம் பொதுவாக எந்தச் சமையலுக்கும் 70 டிகிரி என்கிறது. பன்றி எங்கே மேய்ந்தது என்று தெரியாத ஊரில் 70-ஐப் பிடித்துக்கொள்வதே சரி. 66, 67-ல் எடுத்து ஆறவிட்டு 70 தொடுகிறதா என்று பாருங்கள். தொடவில்லை என்றால் திரும்ப ஒரு நிமிடம் சட்டியில் போடலாம், குற்றமில்லை. 70-ல் கறி இன்னும் ஈரமாகத்தான் இருக்கும்.

அச்சத்துக்குக் காரணம் பன்றி நாடாப்புழு. பச்சைக் கறியில் அரிசி மணி அளவிலோ சற்றுப் பெரிதாகவோ, வெளுத்த நீர்க்கொப்புளங்கள் தெரிந்தால் அந்தக் கறியை வாங்கவே வேண்டாம். வேகாத கறியைத் தின்றால் புழு குடலில் வளரும். மூளையில் கட்டி வந்து வலிப்பு ஏற்படுவது வேறு வழியில்: புழு உள்ளவரின் மலத்திலிருந்து முட்டைகள் கழுவாத கை, காய், பழம் வழியாக வயிற்றுக்குள் போவதால். ஆகவே இந்தச் சமையலில் கறியை வேகவைப்பது எவ்வளவு முக்கியமோ, அரைவேக்காடாகப் போடும் பழத்தை நன்றாகக் கழுவுவதும் அவ்வளவு முக்கியம். பச்சைக் கறி வெட்டிய பலகையில் அப்படியே மாம்பழம் நறுக்காதீர்கள்.

உள்ளே பச்சையாகவும் வெளியே கருகலாகவும் இருந்தால் தீ அதிகம், அல்லது பிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு சட்டியில் போட்டிருக்கிறீர்கள். அரை மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வையுங்கள். சித்திரை வெயிலில் 20 நிமிடமே போதும். அதற்கு மேல் வெளியே கிடக்க விடாதீர்கள்.

கறியின் மேல்புறம் மாவாகக் குழைந்துவிட்டது

வெந்த பிறகும் மேல்பகுதி கையோடு வழித்துக்கொண்டு வருகிறதா? அன்னாசியைத்தான் கேட்க வேண்டும்.

சூடுபடாத பச்சை அன்னாசியில் புரோமெலைன் என்ற நொதி இருக்கிறது, புரதத்தைத் துண்டு துண்டாக வெட்டும். பப்பாளிக்காயின் பாலில் இருக்கும் பப்பைன் அதைவிட முரடு. முற்றின ஆட்டுக்கறிக்குப் பப்பாளிக்காய் அரைத்துப் போடும் வழக்கம் இதை நம்பித்தான். அத்திப்பழத்திலும் இதே வேலை செய்யும் நொதி உண்டு. கடினமான கறிக்கு இவை உதவும். ஏற்கெனவே மெத்தென்று இருக்கும் டெண்டர்லாயினில் ராத்திரி முழுக்க அன்னாசிச் சாறு ஊறினால் மேல்புறம் களியாகி, உள்புறம் அப்படியே இருக்கும். குளிரில் நொதி மெதுவாகத்தான் வேலை செய்யும், ஆனால் நிற்பதில்லை. பிரிட்ஜில்தானே வைத்தேன் என்று நினைத்துவிட வேண்டாம். சட்டி சூடாகத் தொடங்கும்போது அது இன்னும் வேகம் பிடிக்கும், நன்றாகச் சூடேறிய பிறகுதான் செத்துப்போகும்.

வழி இது: அன்னாசியை நறுக்கி, கறிக்குப் பக்கத்தில் கொண்டுபோகும் முன் தனியாகக் கொதிக்கவைத்துவிடுங்கள். ஐந்து நிமிடம் தளதளவென்று கொதித்தால் நொதி முடங்கிவிடும். பிறகு எவ்வளவு நேரம் சேர்ந்திருந்தாலும் பயமில்லை. டப்பாவில் அடைத்து வரும் அன்னாசி ஏற்கெனவே சூடுபட்டது, அதில் இந்தத் தொல்லை இல்லை. வாழக்குளத்துப் பழமோ நாகர்கோவில் பக்கத்துப் பழமோ, மணத்துக்குப் பச்சைப் பழத்துக்கு ஈடில்லை என்பதால் நான் கொதிக்கவைத்தே போடச் சொல்வேன்.

புளியங்குடி எலுமிச்சையில் நொதி இல்லை, ஆனால் புளிப்பு இருக்கிறது. அதிலும் மணிக்கணக்கில் ஊறினால் மேல்புறம் வெளுத்து, சுண்ணாம்பு பூசின மாதிரி உலர்ந்த தன்மை வரும். எலுமிச்சையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

குழைந்துபோன கறியை மீட்க முடியாது. மேல்புறத்தைக் கத்தியால் வழித்து எடுத்துவிட்டு, ஈரம் ஒற்றி, பலத்த தீயில் சிவக்கவிட்டால் ஓரளவு மானம் காக்கும்.

சட்டியில் தண்ணீர் விடுகிறது, சிவக்கவே மாட்டேன் என்கிறது

மேல்புறத்தில் நீர் இருக்கும்வரை அங்கே சூடு 100 டிகிரியைத் தாண்டாது. செம்பழுப்பு நிறமும் வறுத்த மணமும் வர 140 பக்கம் வேண்டும். கழுவிய கறியை ஒற்றாமல் போடுவது, சட்டி காயும் முன் போடுவது, சின்னச் சட்டியில் இரண்டு துண்டையும் நெருக்குவது, உப்புத் தடவி 15 நிமிடத்தில் போடுவது எல்லாமே இந்தப் பலனைத்தான் தரும். கடைசியாகச் சொன்னதைப் பலர் கவனிப்பதில்லை: உப்பு முதலில் நீரை வெளியே இழுக்கும், நேரம் கொடுத்தால்தான் அது உள்ளே திரும்பும்.

இத்தனையும் சரியாகச் செய்தும் கறி வெளிறி, தொளதொளவென்று, வாங்கிய பையிலேயே நீர் கட்டி நின்றால் தவறு அடுப்படியில் இல்லை. வெயிலில் வண்டியில் ஏற்றி, மிரண்டு, மூச்சிரைத்த பன்றியை அந்த நிலையிலேயே அடித்தால் சதை சூடாக இருக்கும்போதே புளிப்பு ஏறி, நீரைப் பிடித்து வைக்கும் சக்தியை இழந்துவிடும். கோடையில் இதை அதிகம் பார்க்கலாம். அப்படிப்பட்ட கறியை முழுத்துண்டாகச் சமைக்காமல், சின்னச் சின்னதாக நறுக்கிப் பலத்த தீயில் வறுத்து, பழத்தை மேலே போட்டுப் பரிமாறிவிடுங்கள்.

மேல்பூச்சு கருகிக் கசக்கிறது

கருப்பட்டிப் பாகு, தேன், பழச்சாறு எதுவானாலும் இனிப்பு கருகும். கறி சிவந்து, கிட்டத்தட்ட வெந்த பிறகு, கடைசி இரண்டு மூன்று நிமிடத்தில் மட்டும் சிறுதீயில் தடவுங்கள். உடன்குடிக் கருப்பட்டி என்றால் முதலில் நீரில் கரைத்து வடிகட்டிக்கொள்ள வேண்டும், மண் இருக்கும். மிளகாய்த்தூளையும் மல்லித்தூளையும் கறியில் பூசிச் சிவக்கவிட்டாலும் கருகல்தான், கண்ணும் எரியும். மசாலாவைச் சாற்றில் சேருங்கள். கறியின் மேல் உப்பும் ஒன்றிரண்டாக இடித்த மிளகும் போதும்.

பழம் கரைந்துவிட்டது, சாறு நீர்த்துக் கிடக்கிறது

பழத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வெற்றி. நன்றாகக் கனிந்தது சாப்பிட நல்லது, சட்டிக்கு ஆகாது. மாம்பழம் என்றால் செங்காய்ப் பதத்தில், அழுத்தினால் லேசாக மட்டும் இளகுவதாக எடுங்கள். கிளிமூக்கு இதற்கென்றே பிறந்தது: சதை கெட்டி, நாரில்லை, புளிப்பும் கொஞ்சம் நிற்கும். சப்பட்டை இனிப்பாக இருக்கும், சீக்கிரம் கரையும். பாதியைக் கூழாக்கிச் சாற்றுக்கும், பாதியைத் துண்டாகக் கடைசி இரண்டு நிமிடத்துக்கும் வைத்தால் இரண்டு பயனும் கிடைக்கும்.

களக்காடு, வள்ளியூர் பக்கத்து ஏத்தன் வாழை, அதாவது நேந்திரம், எனக்குப் பிடித்த துணை. முக்கால் பழுத்த ஏத்தனைத் தடித்த வில்லைகளாக்கி, தனியாகத் தேங்காய் எண்ணெயில் இரு பக்கமும் பொன்னிறமாகப் பொரித்துக் கறிக்குப் பக்கத்தில் வையுங்கள். சாற்றில் வேகவிட வேண்டாம், அதன் மாவுச்சத்து சாற்றைக் கஞ்சியாக்கிவிடும். சாறு நீர்த்துப் போனபோது இதே குணம் உதவும்: ஒரு வில்லையை மசித்துக் கரைத்தால் கெட்டிப்படும்.

குற்றாலச் சீசனில் வரும் மங்குஸ்தான், ரம்புட்டான் இரண்டையும் சமைக்கவே கூடாது. அடுப்பை அணைத்த பிறகு சுளையைச் சாற்றில் போட்டு வெதுவெதுப்பாக்கினால் போதும். மங்குஸ்தான் தோலின் சாறு பட்டால் துவர்ப்பும் கறையும் ஒட்டிக்கொள்ளும். கத்தியை ஆழமாக இறக்காமல் சுற்றிக் கீறித் திறங்கள். கொய்யாவை வேகவைத்து வடிகட்டி விதை நீக்கிக் கூழாகச் சேர்க்கலாம், தானாகவே கெட்டிப்படும்.

நீர்த்த சாற்றை வற்றவைக்கும்போது பழத்துண்டுகளையும் கறியையும் வெளியே எடுத்துவிட்டு வற்றவையுங்கள். உப்பைக் கடைசியில் சரிபாருங்கள், வற்ற வற்ற அது ஏறும்.

சாறு கறுத்து இரும்பு வாடை அடிக்கிறது

கறி வறுக்க இரும்புச் சட்டி நல்லது, புளிப்பும் துவர்ப்பும் கொண்ட பழத்தைக் கொதிக்கவைக்க நல்லதல்ல. நெல்லிக்காய், மாதுளை, கொய்யா, புளி எதுவும் இரும்போடு சேர்ந்தால் கறுக்கும். கறியை எடுத்ததும் சட்டியில் அரை தம்ளர் வெந்நீர் ஊற்றி, அடியில் ஒட்டிய செம்பழுப்பைச் சுரண்டிக் கரைத்து, உடனே மண்சட்டிக்கோ எவர்சில்வர் பாத்திரத்துக்கோ மாற்றிவிடுங்கள். பழம் அங்கே வேகட்டும். அந்தச் செம்பழுப்பை விட்டுவிடாதீர்கள். கறி தனியாக, பழம் தனியாக நிற்கிறது, ருசி ஒட்டவில்லை என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் அதைத்தான் கழுவி ஊற்றியிருப்பார்கள். பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், இஞ்சி, ஒரு சிட்டிகை பெருஞ்சீரகம் வதக்கி, அந்தக் கரைசலை ஊற்றிப் பழத்தைச் சேர்த்தால் இரண்டும் ஒன்றாகும்.

தேங்காய்ப்பால் திரிந்துவிட்டது

சொதி வைக்கத் தெரிந்த ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முதல் பாலை ஊற்றிக் கொதிக்க விடுகிறோமா? எலுமிச்சையை அடுப்பில் இருக்கும்போது பிழிகிறோமா? இங்கேயும் அதே ஒழுங்குதான். பழம் முழுதாக வெந்து, தீ குறைந்த பிறகு முதல் பால், ஆவி வந்ததும் இறக்குவது, இறக்கிய பின் புளிப்பு. பச்சை அன்னாசியை மட்டும் இதில் சேர்க்கவே வேண்டாம். திரிந்துவிட்டால் மிக்ஸியில் ஒரு சுற்றுச் சுற்றி உடனே பரிமாறுங்கள், சிறிது நேரம் நிற்கும்.

இனிப்புத் தூக்கலாக இருக்கிறது

"கறியில இனிப்பா?" என்று மாமாவோ பெரியம்மாவோ தட்டைத் தள்ளி வைப்பது நடக்கக்கூடியதுதான், அவர்கள் நாக்கில் குற்றமில்லை. நம் சாப்பாட்டில் இனிப்பும் புளிப்பும் காரமும் சேர்வது புதிதல்ல. மாங்காய்ப் பச்சடியும் நாஞ்சில் நாட்டு மாம்பழப் புளிசேரியும் அப்படித்தானே. இனிப்பு மட்டும் தனியாக முன்னால் நிற்பதுதான் ஒவ்வாது. திருத்தும்போது வரிசை முக்கியம்: முதலில் உப்பு, சாறு ஏறக்குறைய சரியாகிவிடும். பிறகு எலுமிச்சை. அதற்கும் பிறகு மிளகு அல்லது கீறிய பச்சை மிளகாய். நேரே எலுமிச்சையில் தொடங்கினால் இனிப்பும் புளிப்பும் ஒன்றோடொன்று மோதும், கறி பின்னால் போய்விடும். சோற்றுக்குப் பரிமாறுவதானால் பழத்தின் அளவையே பாதியாக்குங்கள். புரோட்டாவுக்கும் ஆப்பத்துக்கும் இனிப்புக் கொஞ்சம் கூடினாலும் தாங்கும்.

சட்டி சூடானதும் ஒரு மூத்திர வாடை

காயடிக்காத ஆண் பன்றியின் கொழுப்பில் தங்கும் பொருள்களால் வருவது இது. சூடு பட்டதும் எழும். எல்லார் மூக்குக்கும் ஒரே மாதிரி தெரியாது என்பதால் வீட்டில் ஒருவர் மட்டும் முகம் சுளிக்கலாம், அவர் சொல்வது உண்மைதான். டெண்டர்லாயினில் கொழுப்புக் குறைவு என்பதால் வாடையும் குறைவு. ஒட்டியிருக்கும் கொழுப்பை முழுக்க வழித்துவிட்டால் பெரும்பாலும் தீரும். பழத்தைக் கூட்டியோ மசாலாவைக் கூட்டியோ அதை மூட முடியாது. அடுத்த முறை வாங்கும்போது பெண் பன்றியா, காயடித்ததா என்று கேட்டு வாங்குங்கள், கடைக்காரருக்குத் தெரியும்.

மறுநாள் சூடாக்கினால் கட்டையாகிறது

மிச்சம் விழுந்தால் கறியையும் சாற்றையும் தனித்தனிப் பாத்திரத்தில், இரண்டு மணி நேரத்துக்குள் பிரிட்ஜில் வையுங்கள். அன்னாசி கொதித்ததுதானா என்று சந்தேகம் இருந்தால் பிரித்து வைப்பது கட்டாயம், இல்லாவிட்டால் காலையில் கறி களியாக இருக்கும். மறுநாள் சாற்றை மட்டும் நன்றாகக் கொதிக்கவைத்து, மெல்லிய துண்டுகளாக வெட்டிய கறியின் மேல் ஊற்றி மூடிவைத்து, ஆவி பறக்கும் அளவுக்குச் சூடானதும் சாப்பிட்டுவிடுங்கள். கறியைத் திரும்ப அடுப்பில் ஏற்றிக் கொதிக்கவிட வேண்டாம். திரும்பத் திரும்பச் சூடாக்கவும் வேண்டாம், வேண்டிய அளவு மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைக் குளிரிலேயே விட்டுவிடுங்கள்.